மணலெழுத்து கப்பலேறிய வரலாறு

ஸ்காத்லாந்து நாட்டின் கீழைக் கடலோரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு சிற்றூர் உண்டு. பழம்பெரும் பல்கலைக்கழகத்தாலும் கோல்ப் ஆட்டத்தாலும் உலகறிந்த ஊர் அது. அவ்வூரில் 1833ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பள்ளி ஒன்றுக்கு 'மதராஸ் கல்லூரி' என்பது பெயர். குளிர்காற்று ஓயாத வடகடற்கரையில், தமிழகத்தின் தலைநகரின் பெயரைத் தாங்கி ஒரு கல்விக்கூடம் எழுந்தது எங்ஙனம்?

சென்னைக்கு அருகே தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிக்கொண்டிருந்த சில தமிழ்ப் பிள்ளைகளே இதற்குக் காரணம். அப் பிள்ளைகளின் பெயர்களை எவரும் குறித்து வைக்கவில்லை. குதிரைமீது அமர்ந்து அவர்களைக் கண்டு சென்றவரின் பெயர் மட்டும் கல்வி வரலாற்றில் நிலைத்துவிட்டது. காசு செலவில்லாத ஒரு விளையாட்டுக் கல்வி கடல் கடந்து சென்றபோது எது உடன் சென்றது, எது இங்கேயே நின்றுவிட்டது என்பதை ஆராய்வது தமிழாசிரியர்களுக்கு இன்றும் பயன் தருவதாகும்.

ஆண்ட்ரூ பெல் 1753இல் அதே செயின்ட் ஆண்ட்ரூசில் பிறந்தவர். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்து, பின்னர்ச் சமயகுருவாகி, 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியின் மேற்பார்வை அவர் பொறுப்பில் வந்தது. ஐரோப்பியப் படைவீரர்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்து, தந்தையை இழந்தோ தந்தையால் கைவிடப்பட்டோ நின்ற ஆண்பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். விடுதிக்கு ஆசிரியர் கிடைப்பது அரிதாயிருந்தது. கிடைத்தவர்களும் சற்றே பழகியதும் நல்ல சம்பளம் தரும் வேறு வேலைக்குப் போய்விட்டனர் என்று பெல் குறைப்பட்டுக்கொண்டார். ஆசிரியர் பற்றாக்குறை நம் காலத்து நோய் மட்டுமன்று!

ஒரு நாட்காலை குதிரையில் சென்ற பெல், ஒரு 'மலபார்' பள்ளியைக் கடந்தார். அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபார்கள் என்றே அழைத்தனர் என்பதை நினைவிற் கொள்க. அங்கே பிள்ளைகள் தரையில் அமர்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்துகொண்டிருந்தனர். பெல் பெருமகிழ்ச்சி கொண்டு விடுதிக்கு விரைந்தார். எழுத்து வகுப்பை இம்முறையிலேயே நடத்துமாறு ஆசிரியரிடம் கூறினார். அவரோ அது இயலாது என்று கைவிரித்துவிட்டார். பெல் விடவில்லை. ஒரு படைவீரரின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடமே ஒப்படைத்தார். பெரியவருக்கு இயலாதது சிறுவனுக்கு இயன்றது. நாளடைவில் விடுதியின் வகுப்புக்கள் பலவும் மாணவர்களாலேயே நடத்தப்பட்டன.

1796இல் பெல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு இலண்டனில் தம் சென்னைச் சோதனையைப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். 1798இல் இலண்டன் ஆல்ட்கேட் பகுதியிலுள்ள ஒரு பள்ளி அம்முறையை ஏற்றது. அதே ஆண்டில் ஜோசப் லங்காஸ்டர் என்னும் இருபது வயது இளைஞர் தெம்ஸ் நதிக்குத் தெற்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். பெல்லின் நூலைப் படித்து மணலெழுத்தை அவரும் மேற்கொண்டார். பின்னர் இம்முறைக்கு உரியவர் யார் என்பதில் இருவரின் ஆதரவாளரும் ஆண்டுக்கணக்கில் சொற்போர் நடத்தினர். பெல்லின் பக்கம் இங்கிலாந்துத் திருச்சபை நின்றது; லங்காஸ்டர் பக்கம் அதனைச் சாராத பிரிவினர் நின்றனர். 1811இல் பெல்லின் முறையைப் பரப்புவதற்கென்றே தேசியக் கல்விச் சங்கம் அமைக்கப்பட்டது. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில்கூட 'மதராஸ் பள்ளிகள்' தோன்றின. மதராஸ் என்னும் சொல் அக்காலத்தில் ஊரின் பெயராக மட்டுமின்றிக் கல்விமுறையின் பெயராகவும் வழங்கியது.

லங்காஸ்டரின் மணல்மேசை நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. மேசையின் மேற்பரப்புக்குக் கறுப்பு வண்ணம் பூசினார். சுற்றிலும் விளிம்பு கட்டி, உலர்ந்த வெண்மணலைப் பரப்பினார். பிள்ளை விரலால் கோடிட்டால் மணல் விலகி, எழுத்து கறுப்பாகத் தெளிவாய்த் தெரியும். மட்டப்பலகையால் ஒருமுறை இழுத்தால் மணல் மீண்டும் சமமாகும். எழுத்துக்களையும் அவர் நெடுங்கணக்கு வரிசையில் கற்பிக்கவில்லை. நேர்கோடுகளால் ஆனவை முதலில், சாய்கோடு கொண்டவை அடுத்து, வளைவுள்ளவை இறுதியில் என வடிவத்தால் இனம் பிரித்தார். இஃது அறிவார்ந்த செயல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் அம்மேசையைச் சுற்றி நடந்தது என்ன? கட்டளை பிறந்ததும் வரிசையிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் விரலை நீட்ட வேண்டும். கட்டளை பிறந்ததும் எழுத வேண்டும். கட்டளை பிறந்ததும் நிறுத்த வேண்டும். ஓர் ஆசிரியர் ஆயிரம் சிறுவர்க்குக் கற்பிக்கலாம் என்பதே லங்காஸ்டரின் பெருமுழக்கம். தவறிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டுவதும், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் அவர் கண்ட தண்டனைகள். ஆலைகள் பெருகிய இங்கிலாந்தில் கல்வியும் ஓர் ஆலையாயிற்று. மணல் மலிவு; சம்பளமில்லாச் சிறுவன் அதனினும் மலிவு. அம்மலிவைக் கண்டே பெரியோர் பலர் அம்முறையைக் கொண்டாடினர்.

இந்தத் தொழிற்சாலை ஒழுங்கு தமிழ்நாட்டு மணலில் இருந்ததா? இதனை அறிய, பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னே வந்த வேறொரு வெளிநாட்டாரிடம் செல்லவேண்டும். அவர் பெல்லைப் போலக் கடந்து போனவரல்லர், நின்று கேட்டவர்.

பியத்ரோ தெல்லா வால்லே என்னும் இத்தாலியப் பயணி, 1623இல் கோவாவிலிருந்து போர்ச்சுகீசியத் தூதுக்குழுவுடன் இக்கேரி வேங்கடப்ப நாயக்கரின் நாட்டுக்குச் சென்றார். அது கன்னட நாடு, தமிழகமன்று. எனினும் தென்னாட்டுப் பள்ளிமுறை பல கூறுகளில் ஒன்றாகவே இருந்தமையால் அவர் குறிப்பு நமக்கும் உரியதே. வழியில் ஒரு கோயிலின் முகப்பில் நான்கு சிறுவர் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஆசிரியர் அங்கே இல்லை. தளத்தில் நுண்மணல் பரப்பியிருந்தது. ஒரு சிறுவன் நீண்ட இழுப்போசையில் ஓர் எண்ணைப் பாடினான். பாடும்போதே அதனை விரலால் மணலில் எழுதினான். உடனே மற்ற மூவரும் அதையே பாடி அதையே எழுதினர். அடுத்த எண்ணை முதற்சிறுவன் பாட, மீண்டும் மூவரும் தொடர்ந்தனர். தளம் எண்களால் நிறைந்ததும் அனைத்தையும் அழித்துவிட்டு, பக்கத்தில் குவித்திருந்த மணலிலிருந்து வேண்டுமளவு தூவிக்கொண்டு மேலே சென்றனர். இவ்வாறே எழுதவும் படிக்கவும் தாங்கள் கற்பதாகவும், இதனால் தாளும் மையும் வீணாவதில்லை என்றும் அவர்கள் அவரிடம் கூறினர்.

தெல்லா வால்லே இதனோடு நில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். ஆசிரியர் இல்லாதபோது யாரேனும் மறந்துவிட்டால், அல்லது பிழைபடச் சொன்னால், திருத்துவது யார்? நால்வரும் ஒரே இடத்தில் ஒருசேர மறக்கமாட்டோமே, ஒருவன் தவறினால் மற்றவன் திருத்துவான், அதற்காகத்தான் சேர்ந்து படிக்கிறோம் என்ற கருத்தில் அச்சிறுவர் விடையிறுத்தனர். அவர்கள் சொன்னது சரியே என்று பயணியும் ஒப்புக்கொண்டார்.

ஆசிரியப் பெருமக்கள் இக்காட்சியைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். விரல் எழுதுகிறது, வாய் பாடுகிறது, செவி கேட்கிறது, கண் பக்கத்துப் பிள்ளையின் மணலையும் பார்க்கிறது. பிழை நேர்ந்தால் அச்சமில்லை. ஒரு கையால் தடவினால் அது மறைந்துவிடும். நால்வரில் தலைவன் எவனுமில்லை. முதலில் பாடுவோன் ஒருவன் உண்டு, அவ்வளவே. இங்கிலாந்து சென்ற முறையிலோ ஒருவன் கட்டளையிடுவோன், ஏனையோர் கீழ்ப்படிவோர். மணல் கப்பலேறிற்று, பாட்டு ஏறவில்லை என்பதே இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கும்போது எனக்குத் தோன்றும் முடிவு. பெல் மீது முழுப்பழியும் சுமத்துதல் முறையன்று. குதிரைமீதிருந்து பார்ப்பவர்க்கு விரல் தெரியும். பாடும் முறையும் திருத்தும் முறையும் புலப்பட, அருகில் அமரவேண்டும். மணலெழுத்தை மலபார் பள்ளியிற் கண்டதாகப் பெல் மறைக்காமல் எழுதினார். மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். ஆனால் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்களே 1814 ஜூன் 3ஆம் நாள் விடுத்த மடலில், சென்னையில் சமயகுருவாயிருந்த பெல்லின் வழியாக இந்தியக் கற்பித்தல் முறை இங்கிலாந்துக்கு வந்தது என்று குறிப்பிட்டுள்ளனர்.

நம் பள்ளிகளில் மாணவர்க்கு மாணவர் கற்பிப்பது புதுமையா? 'சட்டாம்பிள்ளை' என்னும் சொல்லே போதிய சான்று. ஆசிரியர் உணவுக்கோ வயலுக்கோ சென்றால் பள்ளியைப் பார்த்துக்கொள்பவன் சட்டாம்பிள்ளை. அவன் கைப்பிரம்பு ஆசிரியரின் பிரம்பைவிடக் கொடியது என்று முதியோர் சொல்லக் கேட்டவர் நம்முள் பலர் இருப்பர்.

பழமை என்பதால் எல்லாவற்றையும் போற்றிவிடலாகாது. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் தந்த தொகையின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். இவ்வளவு பள்ளிகள் அரசின் பொருளுதவி பெரும்பாலும் இன்றி ஊராரால் நடத்தப்பட்டன என்பது பெருமைக்குரியதே. ஆனால் அம்மாணவருள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு ஊர்த்திண்ணைகள் பலவற்றில் இடமில்லை. மணல் மலிவாயிருந்தது, மணலருகே அமரும் உரிமை மலிவாயில்லை.

அக்கணக்கெடுப்பில் பல்லாரி மாவட்டத் தலைவர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை சுவை மிக்கது. விடியற்காலையில் முதலில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகளின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருவோன் கையில் சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி எனப் பிரம்படி ஏறிக்கொண்டே போகும்! பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே பலகைக்கும் ஏட்டுக்கும் செல்வர் என்கிறார் அவர். சிக்கனமான அம்முறையையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிப்பதையும் மனமாரப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தக்கதே என்றும் கூறுகிறார். அதே அறிக்கையில், பொருளுணராமல் ஒப்பிப்பதே அங்குக் கல்வியாயிருந்தது என்று கண்டிக்கவும் அவர் தவறவில்லை. பாட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஓசை இனிதாயிருப்பதால் பொருள் தெரியாதது எவர்க்கும் தெரியாமற் போய்விடும்.

இதற்கு மாற்றும் அந்தத் திண்ணையிலேயே இருந்தது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் இளமைக் கல்வியை 'என் சரித்திரம்' நூலில் விரித்துரைத்துள்ளார். மாலையில் பள்ளி விடும்போது ஆசிரியர் பிள்ளைகளுக்குப் பூவின் பெயர், பறவையின் பெயர், ஊரின் பெயர் என ஒவ்வொன்றைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் மறவாது வந்து அதைச் சொல்லவேண்டும். இதற்குத் தாளில்லை, மையில்லை, மணல்கூட இல்லை. ஒரு பிள்ளை ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. இரவெல்லாம் அச்சொல் அதன் உடைமை. இதனினும் செலவு குறைந்த பாடக்கருவி இருத்தல் இயலுமோ? அப்பூவை வீட்டாரிடம் கேட்டறியவும், வழியிற் கண்டால் காட்டவும் சொல்லிவிட்டால் பொருளும் உடன் வந்துவிடும்.

இங்கிலாந்தில் பெல் – லங்காஸ்டர் முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1846இல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் திட்டம் வந்தபின் அது மெல்ல மறைந்தது. பெல் 1832இல் காலமாகி வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச் சென்ற பெருஞ்செல்வத்தில் எழுந்ததே மேற்சொன்ன மதராஸ் கல்லூரி.

விரலால் எழுதும் முறை மட்டும் மறையவில்லை. 1907இல் உரோமாபுரியின் ஏழைக்குடியிருப்பு ஒன்றில் மரியா மாண்டிசோரி அம்மையார் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் இரு விரலால் தடவி, அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லுமாறு செய்தார். இது சென்னை மணலிலிருந்து பிறந்தது என்று பெருமை பேசுதல் பொருந்தாது. பிரெஞ்சு மருத்துவர்களாகிய இத்தார், செகேன் ஆகியோரின் வழியில் வந்தவர் அவர். ஆயினும் வரலாறு ஒரு விந்தை செய்தது. 1939 நவம்பரில் அருண்டேல், ருக்மணிதேவி இணையரின் அழைப்பை ஏற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அங்கே ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டிருந்தமையால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். எழும்பூருக்கும் அடையாற்றுக்கும் தொலைவு சில கல்லே. எழும்பூரில் விரலும், அடையாற்றில் விரலோடு ஒலியும் சேர்ந்து, தெல்லா வால்லே கண்ட நால்வரின் முறை ஏறத்தாழ முழுமையடைந்ததை எண்ணும்போது வியப்புத் தோன்றுகிறது.

இனி நம் நாடுகளுக்கு வருவோம். மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகப் பினாங்கு இலவசப் பள்ளியின் 1816ஆம் ஆண்டுத் தமிழ் வகுப்பைக் குறிப்பது வழக்கம். அதன் இருநூறாம் ஆண்டு 2016இல் மலேசியாவில் கொண்டாடப்பட்டது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்தபின் தோட்டப் பள்ளிகள் பெருகின. கொட்டகையில், கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமைந்த பள்ளிகள் பல. பலகைக்கும் புத்தகத்துக்கும் பஞ்சமிருந்தது, மண்ணுக்குப் பஞ்சமில்லை. இன்று மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிங்கப்பூரில் கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்ட பின், தமிழ் பிற பள்ளிகளில் ஒரு பாடமாகத் தொடர்கிறது.

இரு நாடுகளிலும் விசயதசமியன்று கோயில்களில் தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். உறவினர் சூழ்ந்திருக்க, குழந்தை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்கிறது. விரலும் ஒலியும் சேரும் அந்த ஒருநாள் முறையை மறுநாளே கைவிட்டு, பென்சிலையும் பயிற்சித்தாளையும் கொடுத்துவிடுகிறோம். மூன்று நான்கு வயதுக் கைக்குப் பென்சில் ஒரு பாரம். எழுத்தை அறிவது ஒரு வேலை. கோலைப் பிடிப்பது மற்றொரு வேலை. இரண்டையும் ஒரே நாளில் சுமத்தாததே மணலின் நுட்பம்.

வீட்டில் தமிழ் குறைவாக ஒலிக்கும் குடும்பங்கள் பெருகிவரும் காலம் இது. இக்குழந்தைகளுக்கு எழுத்தின் வடிவத்தைவிட அதன் ஒலியே அரிய பொருள். மணல்தட்டு, வண்ணக்கூழ், உப்புத்தாள் எழுத்து என்று பொருள்களை வாங்கிக் குவித்து, ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே வாய்மூடி எழுதவிட்டால், லங்காஸ்டரின் மேசையையே மறுபடியும் செய்தவர்கள் ஆவோம். அன்று கட்டளைக்காக மௌனம். இன்று வகுப்பறை அமைதிக்காக மௌனம்.

நான்கு பிள்ளைகளுக்கு ஒரு தட்டம் போதும். அடித்தட்டுக்குக் கறுப்புத்தாள் ஒட்டினால் லங்காஸ்டர் கண்ட நன்மை கிட்டும். கடல்மணல் எடுத்தால் நன்னீரில் இருமுறை அலசி வெயிலில் உலர்த்துக. உப்பு இருந்தால் ஈரம் இழுத்து விரலில் ஒட்டும். அடுக்குமாடி வீட்டில் மணலுக்கு இடமில்லையெனில் ரவையோ உப்போ போதும். ட, ப, ம என நேர்கோடும் மூலையும் உள்ள எழுத்துக்களிலிருந்து தொடங்கினால், முதல் வாரத்திலேயே 'படம்' என்றும் 'மடம்' என்றும் எழுத வழியுண்டு. புள்ளியை வைப்பது பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம். அகரத்தின் சுழி பிறகு வரட்டும். பாடும் ஓசையை ஆசிரியர் கற்பிக்கத் தேவையில்லை. ஒரு முறை இழுத்துச் சொன்னால் பிள்ளைகளே ஒரு மெட்டை அமைத்துக்கொள்வர்.

எண்ணுக்கும் இதே வழிதான். பல்லாங்குழியும் நம் மலாய் அண்டைவீட்டாரின் சோங்காக்கும் ஒருவகை ஆட்டங்களே. பக்கத்துக்கு ஏழு குழி, கையில் சில புளியங்கொட்டை. குழிக்கொன்றாக இடும்போது எண்ணை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் ஆட்டம் கெடாது. எதிரில் இருக்கும் பிள்ளை எண்ணிக்கையைத் திருத்திக்கொண்டே இருக்கும்.

முதலில் பாடும் பிள்ளை நாள்தோறும் மாறட்டும். எழுத்து நன்கறிந்த பிள்ளையை மட்டும் முதலில் பாடவிட்டால் அடுத்த வாரமே அங்கொரு சட்டாம்பிள்ளை முளைத்துவிடுவான். ஆசிரியர் சற்றுத் தொலைவில் அமர்ந்து கேட்டிருந்து, நால்வரும் ஒரே இடத்தில் தவறும்போது மட்டும் எழுந்து வந்தால் போதும்.